அப்பா வண்டி இனிக்கும்

கிருஷ்ணராஜபுரம், பெங்களூர்
8-12-1996

தனாவுக்கு,

இதை முனிராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன். தினமும் உங்கள் ஊரிலிருந்து ரயிலேறி எங்கள் ஃபாக்டரிக்கு வந்து போகிறவன், தபால்காரரைவிடச் சீக்கிரம் சேர்த்துவிடுவான். பதிலையும் அவனிடமே கொடு, கொடுக்க மனமிருந்தால்.

நான் ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று வீட்டு ஓனர் சேஷகிரி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கௌதமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால் எனக்கும்தான் வயிறு எரிகிறது. ஆறு வயசுக் குழந்தை. ஆனால் டாக்டர் என்ன சொன்னார்? சொந்த ஊர் எது என்று கேட்டார். கோலார் தங்கவயல் என்றேன். சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டிய சயனைட் மேடு அங்கே மலை மலையாக இருக்கிறது, காற்றடித்தால் தூசி சோற்றுத் தட்டு வரைக்கும் வரும், லீவுக்கு லீவு குழந்தை அங்கேதான் போகிறாள் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். அதுவாக இருக்கலாம், இனி அனுப்பாதீர்கள் என்றார். நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். கேட்டுவிட்டு அவளை நேரே அந்தத் தூசிக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய்.

உன் கோபம் வண்டியின் மேல். எனக்குத் தெரியாதா? வாசல் ஷெட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் மாரிஸ் மைனர் கார் உனக்குக் காயலான் கடைச் சாமான். ஆண்டர்சன்பேட்டையில் அதைக் காயலான் கடையிலிருந்துதான் தூக்கி வந்தேன், உண்மை. ஆனால் அது மைன்ஸ் துரை ஓட்டிய வண்டி. அது எதிரே வந்தால் எங்கள் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். உன் அப்பாவும் நின்றிருப்பார். அதைத் துரை வைத்திருந்த மாதிரியே, அதே பச்சையில் கொண்டுவந்து, நீ முன் சீட்டில் உட்கார, கௌதமி ஹார்ன் அடிக்க, ஆபீசர்ஸ் கிளப் வழியாக ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும். இதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது.

பழைய கார்களுக்கென்றே சதாசிவநகரில் பட்டறை வைத்திருக்கும் ஆராவமுதனிடம் போனேனே, அதை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. தகட்டில் பள்ளம் விழுந்தால் இப்போது எல்லாரும் பட்டி பூசி மறைத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஈயத்தை உருக்கிப் பூசி, அரத்தால் ராவிச் சமன் செய்வார்கள். அந்த வேலையைக் கேட்கத்தான் போனேன். "அது வீட்ல செய்யற வேலை இல்லப்பா, உனக்கு வேணாம்" என்றார். என் சட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். போர்ட்டிகோ வைத்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான் பழைய கார் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. வீட்டிலேயே செய்து காட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இடது கதவு முடிந்துவிட்டது. கையால் தடவினால் கண்ணாடிதான்.

பொங்கலுக்குள் வந்து சேருங்கள். அவளுக்குப் பள்ளிக்கூடம் வீணாகிறது.

குணசேகர்

*

சாம்பியன் ரீஃப், கே.ஜி.எஃப்.
15-12-1996

கௌதமி அப்பாவுக்கு,

பதில் கொடுக்க மனமிருந்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் இருக்கிறது. அதுதான் தொந்தரவு.

சொல்லாமல் வந்தேன் என்கிறீர்கள். யாரிடம் சொல்வது? நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் வண்டிக்கு அடியில் இருக்கிறீர்கள். உங்கள் காலிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்தான்.

குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு, மாத்திரை வாங்கி வருகிறேன் என்று போனீர்கள். நான் சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சிவாஜி நகர் குஜிரியில், பழைய இரும்புக்கு நடுவே பம்பர் தேடிக்கொண்டிருந்தீர்கள். மாத்திரையையும் கொண்டுவந்தீர்கள், பம்பரையும் கொண்டுவந்தீர்கள். பம்பரைத்தான் முதலில் காட்டினீர்கள். அன்றைக்கே மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டேன்.

பள்ளிக்கூடம் வீணாகிறது என்கிறீர்கள். அது எப்போதோ வீணாகிவிட்டது. போன வருஷம் தன் பெயரைத் தானே எழுதினவள், இப்போது பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை எல்லாவற்றையும் மறந்துகொண்டே வருகிறாள், வீட்டில் ஏதாவது சண்டையா என்று டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உங்களிடம் சொன்னேன். செல்லம் அதிகமாகிவிட்டது என்றீர்கள். அப்புறம் அவளைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்தீர்கள்.

இங்கே தூசி இருக்கிறது, நான் மறைக்கவில்லை. நான் அதில்தான் பிறந்தேன். ஆனால் இந்தத் தூசியில் அவள் சாப்பிடுகிறாள். வாந்தி நின்றுவிட்டது. கிரேஸ் அண்ணி ராகிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் டம்ளரை நக்கிவிட்டுத் தருகிறாள். நேற்று சந்திரசேகரன் அண்ணன் வெல்லம் உடைத்துக் கொடுத்தார். தின்றுவிட்டு, "எங்கப்பா வண்டி கூட இனிக்கும் மாமா" என்றாள். வீடே சிரித்தது. அப்பாவின் பைத்தியம் பெண்ணுக்கும் ஒட்டிக்கொண்டது என்றாள் அண்ணி. எனக்கும் கோபத்தோடு சிரிப்பு வந்தது.

உங்களைக் கேட்கிறாள். அதையும் மறைக்கவில்லை.

தனலக்ஷ்மி

*

பெங்களூர்
29-12-1996

தனா,

பம்பர் விஷயத்தில் நான் செய்தது தப்பு. எழுதிவிட்டேன், போதுமா? முனிராஜ் கையில் கொடுத்தனுப்ப வேண்டியிருப்பதால் இன்னும் இரண்டு மடங்கு வெட்கம்.

அவள் தெருவில் ஓடி விளையாடுவதைப் பார்த்ததாக முனிராஜ் சொன்னான். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. என் வண்டி இனிக்கும் என்றாளாமே! ஃபாக்டரியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கேன்டீனில் என்னைப் பார்த்தால் "என்ன குணா, வண்டி இன்னிக்கு எவ்வளவு இனிக்குது" என்கிறார்கள்.

உடம்பு தேறிவிட்டதல்லவா, வந்துவிடுங்கள். இங்கே இருந்தபோது நீ சொன்ன பயமெல்லாம் பெயிண்ட் வாசனையைப் பற்றித்தானே. பெயிண்ட் அடிப்பதை வெளியே ஒரு ஷாப்பில் கொடுத்துவிடுகிறேன், வீட்டில் ஒரு துளி தின்னர் இருக்காது. ஈயம் ராவுவதும் தேய்ப்பதும்தான் பாக்கி, அதற்கு வாசனையே கிடையாது. பழைய பச்சையை அடி வரைக்கும் சுரண்டிவிட்டேன். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் தகடு துருப்பிடிக்கும் என்பதால் காய்ந்தபடியே உப்புத்தாள் போட்டேன். கூடம், சமையலறை, மாடம் எல்லாம் பச்சைப் பொடியாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெருக்கித் தள்ளினேன். நீ வரும்போது வீடு பளிச்சென்று இருக்கும்.

டிரைவர் சீட்டுக்குப் புது மெத்தை தைத்திருக்கிறேன். அவள் உயரத்துக்கு ஒரு தலையணையும்.

குணா

*

கே.ஜி.எஃப்.
20-2-1997

கௌதமி அப்பாவுக்கு,

குழந்தையோடு நான் மறுபடி இங்கே கிளம்பிய அன்றைக்கு கிருஷ்ணராஜபுரம் ஸ்டேஷனில் என் கையிலிருந்த பையைப் பிடித்து இழுத்தீர்கள். விடவில்லை என்றால் ரயில் போய்விடும் என்று உங்கள் கையைத் தட்டிவிட்டேன். வலித்திருக்கும். இப்போது நான் எழுதப்போவது அதைவிட வலிக்கும், உட்கார்ந்து படியுங்கள்.

பொங்கலுக்கு உங்கள் பேச்சை நம்பி வந்தோம். வீடு நீங்கள் சொன்னபடி பளிச்சென்றுதான் இருந்தது. அவள் காலையில் எழுந்தால் வண்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வண்டி. நீங்கள் ராவிக்கொண்டே இருக்க, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உங்களோடு பேசிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் கேட்டு நானும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பத்துப் பதினைந்து நாளில் பழையபடி வயிற்றுவலி. அப்புறம் அந்த வலிப்பு. பள்ளிக்கூடத்தில் விழுந்து, வாயில் நுரை தள்ளி, நீங்களும் ஓடி வந்தீர்கள். ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஊர்த் தூசி என்றே சொன்னீர்கள். வலிப்புக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இங்கே அண்ணி ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் தூசியில்தான் ஆரம்பித்தேன். அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினார்கள். எந்த ஊரில் இருக்கும்போது குழந்தைக்கு முடியாமல் போகிறது, எந்த ஊரில் தேறுகிறது என்று மட்டும் கேட்டார்கள். பெங்களூரில் முடியாமல் போகிறது, இங்கே தேறுகிறது என்றேன். நம் வாயாலேயே இத்தனை மாதம் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிறகு, வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் பழைய கார் ஒன்றைப் புதுசு பண்ணுகிறார் என்றேன். எவ்வளவு பழசு, பெயிண்டை எப்படி எடுக்கிறார், பள்ளத்தை எதால் அடைக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். உங்களோடு இருந்து இருந்து எனக்கும்தான் எல்லாம் தெரியுமே, சொன்னேன். அந்தம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, குழந்தை விரலை வாயில் வைக்குமா என்றார்கள். மடியில் இருந்த இவளே சொன்னாள். "வண்டிப் பொடி இனிக்கும் டாக்டர். பச்சைப் பொடி ரொம்ப இனிக்கும்."

ஈயம் கலந்த பெயிண்ட் இனிக்குமாம். குழந்தைகள் தொட்டுத் தொட்டு நக்குமாம். ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அவள் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது. வயிற்றுவலி, ரத்தம் வற்றியது, மறதி, வலிப்பு, எல்லாம் அதுதான். பழைய பச்சையில் இருந்தது ஒரு பங்கு, நீங்கள் உருக்கிப் பூசி ராவியது ஒரு பங்கு.

இதை நாம் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தோம். எனக்குத் தாங்கவில்லை.

தனா

*

பெங்களூர்
22-2-1997

தனா,

எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வருஷமாக நான் அதே பொடியில் புரண்டு எழுகிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது? அந்த டாக்டரம்மாவுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்? வேறு யாருடைய ரத்தத்தையாவது மாற்றிப் பார்த்திருப்பார்கள். அத்தனை பெரிய மேட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, என் ஷெட்டில் வந்து நோய் தேடுகிறார்கள்.

என் ரத்தத்தையும் பார்க்கச் சொல்வாய். பார்க்கிறேன். ஒன்றும் இருக்காது. அதற்கப்புறம் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிறேன்.

குணசேகர்

*

கே.ஜி.எஃப்.
26-2-1997

கௌதமி அப்பாவுக்கு,

பாருங்கள். உங்கள் ரத்தத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் எது வந்தாலும் நாங்கள் அந்த வீட்டுக்கு வரமாட்டோம். வண்டியை நகர்த்திவிட்டால் போதாது. அந்தப் பொடி தரையில் இருக்கிறது, மெத்தையில் இருக்கிறது, நீங்கள் அவளுக்காகத் தைத்த தலையணையில் இருக்கிறது. உங்கள் சட்டையோடு நீங்கள் அவளைத் தூக்கினீர்கள்.

எங்கள் அப்பா சுரங்கத்திலிருந்து வந்தால் நேரே வீட்டுக்குள் வரமாட்டார். வெளியே தெருக் குழாயடியில் குளித்து, துணியை அங்கேயே அலசிப் போட்டு, அம்மா கல்லின் மேல் வைத்திருக்கும் லுங்கியைக் கட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எங்களைத் தொடுவார். மழையிலும் அப்படித்தான், காய்ச்சலிலும் அப்படித்தான். நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டால் கத்துவார், எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வரும். அந்தக் கல் தூசி கடைசியில் அவர் நெஞ்சை அடைத்துக் கொன்றது. எங்கள் நெஞ்சுக்கு வரவில்லை.

உங்கள் அப்பாவும் அப்படிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார் என்று கல்யாணமான புதிதில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவர் துரைக்காக சைக்கிளை விட்டு இறங்கியதை மட்டும் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். அவர் உங்களுக்காகக் குழாயடியில் நின்றதை மறந்துவிட்டீர்கள்.

மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஊசி போட்டால் அழுகிறாள். அழட்டும், அழுவதற்குத் தெம்பு இருக்கிறது.

தனலக்ஷ்மி

*

பெங்களூர்
6-4-1997

தனா,

முனிராஜ் இரண்டு தடவை கடிதம் கேட்டான். இரண்டு தடவையும் இல்லை என்றேன். எழுத உட்கார்ந்தால் உன் கடைசிக் கடிதம் கண்முன் வந்து நிற்கிறது.

என் ரத்தத்திலும் இருக்கிறது. அவளுக்கு இருப்பதைவிட அதிகம். ஸ்பேனர் கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர்களுக்கு மெதுவாகத்தான் காட்டுமாம். என்னைப் பற்றி விடு. நான் தின்றது நானே தேடிக்கொண்டது.

வண்டியை விற்றுவிடலாம் என்று சொல்லி வைத்தேன். வைட்ஃபீல்டிலிருந்து ஒருவர் மனைவி, பெண் குழந்தையோடு வந்தார். நல்ல மனிதர், வண்டியைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வராத குறை. விலை பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டர் தகட்டில் கை வைத்துத் தடவிப் பார்த்தாள். நான் கத்திவிட்டேன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துத் தள்ளி, இழுத்துக்கொண்டு போய்க் குழாயில் கழுவினேன். அவள் அப்பா என்னை அடிக்க வந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்கள். போகும்போது அந்த அம்மா, உங்க குழந்தை இப்போ எப்படி இருக்கு என்று கேட்டார். என் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை தனா.

அதற்கப்புறம் ஆராவமுதனிடம் போனேன். வாசலில் நின்றுகொண்டே சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கே காரணத்தைச் சொல்லியிருக்கணும். வேணாம்னு மட்டும் சொல்லிட்டேன்" என்றார். சட்டையைப் பார்த்தது எதற்கு என்று கேட்டேன். என் சட்டையில் பச்சைப் பொடி இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் சொன்னாராம். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, அந்த ரோஷத்திலேயே என் பெண்ணுக்கு விஷம் கொடுத்திருக்கிறேன்.

அவர் ஆட்கள் மூக்கை மூடிக்கொண்டு வந்து, ஷெட்டை நனைத்துத் துடைத்து, வண்டியைத் தார்ப்பாயில் சுற்றி லாரியில் ஏற்றிப் போனார்கள். முடித்துத் தரட்டுமா, அப்புறம் நீயே ஓட்டு என்றார். வேண்டாம், உங்களுடையதாகவே இருக்கட்டும் என்றேன். லாரி தெரு முனை திரும்பும்வரை பார்த்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது வண்டிக்காக இல்லை.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். ஃபாக்டரிக்குப் பின்னால் வேறு ஒரு சின்ன வீடு. மெத்தை, தலையணை எதையும் கொண்டுபோகவில்லை. நீ வரவேண்டும் என்று கேட்கவில்லை, கேட்க எனக்கு வாயில்லை. அவளை ஒரு தடவை பார்க்க வேண்டும். தூரத்திலிருந்தாவது.

குணா

*

கே.ஜி.எஃப்.
10-4-1997

கௌதமி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணன் படித்தார், அண்ணி படித்தாள். நான் கடைசியாகப் படித்தேன். உங்கள் ரத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்பதை மட்டும் எழுதவில்லை. அதை எழுதுங்கள்.

என் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். வலிப்பு மறுபடி வரவில்லை. ரத்தத்தில் ஈயம் இறங்கிக்கொண்டு வருகிறது. முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. ஆனால் மறந்துபோனதெல்லாம் திரும்ப வருமா என்று கேட்டதற்கு, கொஞ்சம் வரும், முழுக்க வரும் என்று நான் சொல்லமாட்டேன் என்றார்கள் அந்த டாக்டரம்மா. அண்ணி தினமும் அவளை உட்காரவைத்துப் பெயரை எழுதச் சொல்கிறாள். முதல் எழுத்தோடு நின்றுவிடுகிறாள். நின்றுவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை நீங்களும் பார்க்க வேண்டும். நான் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதமாட்டேன். எனக்கே இன்னும் தெரியவில்லை. வெல்லத்தைத் தின்று அவள் சொன்னபோது நானும்தான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அப்பா ஹார்ன் அடித்துக்கொண்டு வண்டியில் வருவாரா என்று கேட்டாள். ரயிலில் வருவார் என்றேன். அப்படியென்றால் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவாரா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவள் உங்களைப் பார்த்ததும் ஓடி வருவாள். தூக்காதீர்கள். அழுதாலும் தூக்காதீர்கள். போட்டிருக்கும் துணி, செருப்பு, பை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத் தெருக் குழாயடியில் தலையோடு குளியுங்கள். நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். லைன் வீடுகளில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும், அவர்கள் பார்க்காதது ஒன்றும் இல்லை.

சோப்பும் அண்ணனுடைய லுங்கியும் குழாய்க்குப் பக்கத்தில் கல்லின் மேல் வைத்திருப்பேன். குளித்து முடித்ததும் கூப்பிடுங்கள், அவளை வெளியே அனுப்புகிறேன்.

தனா